ஜீப்பை எந்த வயதில் நிறுத்துவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் தாத்தா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரைவராக இருந்தார். தோட்டம் கைமாறியபோது அவர் ஓட்டிய ஜீப்பை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அது குளுவாங்கில் மாமா வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. 1944இல் செய்த ராணுவ ஜீப் என்று குடும்பத்தில் பேச்சு. அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து சரிசெய்ய நினைக்கிறீர்கள். ஒரு பட்டறைக்காரர் எல்லாவற்றையும் பிரித்து, சேண்ட்பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துப் பழைய பெயிண்டை உரிப்பது) செய்து, ராணுவப் பச்சை அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் போட்டுத் தருகிறேன் என்கிறார். மாமாவோ, அப்பா விட்டுவிட்டுப் போனபடியே இருக்கட்டும், யாரும் கை வைக்கக்கூடாது என்கிறார். எது சரி, எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேசிய சேவையில் வாகனப் பராமரிப்புப் பிரிவில் லேண்ட் ரோவர்களோடு தொடங்கி, பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பட்டறை வேலையில் இருந்தவன் நான். வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகள் ஏழெட்டு என் கைவழியாகப் போயிருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பட்டறைக்காரரும் மாமாவும் வேலையின் அளவைப் பற்றிச் சண்டை போடவில்லை. ஒருவர் 1944ஆம் வருட ஜீப்பைப் பற்றிப் பேசுகிறார், இன்னொருவர் உங்கள் தாத்தா கடைசியாக நிறுத்திய நாளின் ஜீப்பைப் பற்றிப் பேசுகிறார். வண்டி ஒன்று, வயது இரண்டு. எந்த வயதில் அதை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்தால், எந்த போல்ட்டை மாற்றுவது, எதை விடுவது என்பதெல்லாம் தானாக வந்துவிடும். அதை முடிவு செய்யாமல் ஸ்பேனரைத் தொட்டவர்கள் பாதி வழியில் மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் பழைய பெயிண்ட் போயிருக்கும்.

முதலில் அது என்ன வண்டி என்று தெரியவேண்டும். போர்க்கால ஜீப் 1941 முதல் 1945 வரை சுமார் 6,40,000 செய்யப்பட்டது. அதில் பெரும்பங்கு வில்லிஸ் எம்.பி., மீதி ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. இரண்டும் ஒரே வடிவமைப்பு, ஒரே 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், 60 குதிரைசக்தி. போர் முடிந்த 1945லேயே வில்லிஸ் அதே ஜீப்பைப் பொதுமக்களுக்காக சி.ஜே. 2ஏ என்று விற்கத் தொடங்கியது. தோட்டங்களில் 'ராணுவ ஜீப்' என்று சொல்லப்பட்டவற்றில் பல உண்மையில் இந்த சி.ஜே. வகை. வித்தியாசம் காண்பது எளிது. ராணுவ ஜீப்பின் முன் கிரில்லில் ஒன்பது துளைகள், சி.ஜே.யில் ஏழு. ராணுவ ஜீப்பில் பின்கதவு கிடையாது, பெட்ரோல் ஊற்ற டிரைவர் சீட்டைத் தூக்கவேண்டும். சி.ஜே.யில் பின்கதவு உண்டு, பெட்ரோல் மூடி பக்கவாட்டில் வெளியே இருக்கும்.

ஒன்பது துளை என்றால், அடுத்து ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து சேஸியின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் சேஸி, கவிழ்த்த தொட்டி மாதிரிச் சதுரமாக இருந்தால் ஃபோர்டு. வில்லிஸில் சேஸி எண் முன்பம்பருக்குப் பின்னால், இடது சட்டத்தின் உள்பக்கம் சின்னத் தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடது சட்டத்தின் மேல்பக்கத்திலேயே குத்தியிருப்பார்கள், துருவையும் கிரீஸையும் துடைத்தால்தான் தெரியும். ஃபோர்டு தான் செய்த பாகங்களில், போல்ட் தலையில்கூட, தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்தது. ஃபோர்டில் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் ஒன்றாக இருக்கும். வில்லிஸில் அப்படி ஒத்துப்போக வேண்டியதில்லை. எண் சேரவில்லை என்று யாராவது வில்லிஸைக் குறை சொன்னால் கலங்காதீர்கள்.

இவை உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருபவற்றில் எச்சரிக்கை வேண்டும். சேஸி ஃபோர்டு, பாடி வில்லிஸ் சாயல், எஞ்சின் வேறு என்று கலந்திருந்தால், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். 1944 முதல் இரண்டு கம்பெனிகளுமே அமெரிக்கன் சென்ட்ரல் என்ற கம்பெனி செய்து கொடுத்த பொதுவான பாடியைப் பயன்படுத்தின, அதில் இரண்டின் அம்சங்களும் கலந்திருக்கும். அப்புறம் ராணுவப் பட்டறைகளில் நான்கு வண்டியைப் பிரித்து மூன்றாகச் சேர்ப்பது வழக்கமான வேலை. தோட்டத்துப் பட்டறையும் அதையேதான் செய்தது. அந்தக் கலப்பைத் திருத்தி, எல்லாம் ஒரே கம்பெனி ஆக்கவேண்டும் என்று பாகம் தேடி அலைவது எனக்கு உடன்பாடில்லை. அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கையை அழித்துவிட்டு, வாழாத ஒரு வாழ்க்கையை வாங்கி ஒட்டுவதாகிவிடும்.

குடும்பக் கதையையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். ஃபோர்டு ஜீப் வைத்திருப்பவர்கள் பலர் இங்கே, இது புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் செய்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போர்க்கால ஜீப்புக்கு அது நடக்க வழியே இல்லை. அந்தத் தொழிற்சாலை 1941 கடைசியில்தான் திறக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷார் சரணடைந்தது அந்தக் கட்டடத்திலேதான். அமெரிக்காவில் ஃபோர்டு தன் ஜி.பி.டபிள்யூ.வைச் செய்யத் தொடங்கிய அந்த 1942இல் புக்கிட் தீமா ஜப்பானியர் கையில் இருந்தது. 1945 செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷ் படைகளோடு உங்கள் ஜீப் வந்து, பிறகு உபரியாக விற்கப்பட்டிருக்கலாம், அது நம்பக்கூடியது. ஆனால் நம்பக்கூடியது வேறு, தெரிந்தது வேறு. ஆதாரம் இருந்தால் அது உங்கள் வண்டியின் பெயிண்டுக்கு அடியில் இருக்கும்.

அதனால்தான் சேண்ட்பிளாஸ்டிங் என்ற சொல்லைப் படித்ததும் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஏறக்குறைய இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒருவர் தன் அப்பாவின் ஜீப்பை என்னிடம் கொடுத்தார். மேலே மங்கிப்போன சிவப்புப் பெயிண்ட், ஆங்காங்கே துரு. சுத்தமாக ஆரம்பிக்கவேண்டும் என்ற எண்ணத்தில் பாடி முழுவதையும் மணல் அடிக்க அனுப்பினேன். தகடு பளிச்சென்று வந்தது. பானெட்டில் ஒரே இடத்தில் அதிகம் அடித்ததால் மெல்லிய தகடு நெளிந்து, அதைச் சமப்படுத்தவே பல நாள் ஆனது. அதைவிட மோசம் அடுத்த மாதம் தெரிந்தது. அவர் ஒரு பழைய புகைப்படம் கொண்டுவந்தார். சைடு தகட்டில் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும், அவருடைய அப்பா பிரஷ்ஷால் தமிழிலேயே எழுதியது. சிவப்புப் பெயிண்டுக்கு அடியில் அது இருந்திருக்கிறது. படத்தைப் பார்த்து அதே மாதிரி எழுதித் தரலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். அது என் தவறு, இன்றுவரை வருந்துகிறேன். அதன்பிறகு எந்த வண்டியிலும் பெயிண்டை அடுக்கடுக்காகப் பார்க்காமல் நான் எதையும் உரிக்கவில்லை.

எப்படிப் பார்ப்பது? 800 அல்லது 1000 எண் உப்புத்தாள், வாளித் தண்ணீர், முகமூடி, நிறையப் பொறுமை. பானெட்டின் பக்கவாட்டில் ஒரு கையகல இடத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்க்கவேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், அதனால் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. மேலே தோட்டக் கம்பெனியின் நிறம் வரும். அதன்கீழ் பளபளப்பான கரும்பச்சை வந்தால், போருக்குப் பிறகும் வண்டி பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்திருக்கவேண்டும் என்று நினைக்கலாம், அந்த நிறம் அவர்களுடைய போருக்குப் பிந்தைய நிறம். அதற்கும் கீழே மங்கலான ஆலிவ் பச்சை வந்தால் அது போர்க்காலம். அதிர்ஷ்டம் இருந்தால் அந்த அடுக்கில் எண் தெரியும். அமெரிக்க ராணுவ ஜீப்பின் எண் 20 என்று தொடங்கும், பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓடிய ஜீப்பில் போர்க்காலத்தில் எம் என்ற எழுத்து முன்னால் வரும். எண்ணின் ஓரம் தெரிந்ததுமே தேய்ப்பதை நிறுத்தி, படம் எடுத்துவிட்டு அடுத்த அங்குலத்துக்குப் போங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால், முன்பே யாரோ உரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது பெயிண்டை இழக்கும் கவலை உங்களுக்குக் குறைவு.

இந்தச் சோதனையில் எண் எதுவும் கிடைக்காதபோது கற்பனையாக ஒரு படைப்பிரிவின் எண்ணையும் நட்சத்திரத்தையும் போடுவதை நான் ஏற்கமாட்டேன். விழாக்களில் படம் எடுக்க அழகாக இருக்கும். உங்கள் பேரன் அதைப் பார்த்து, கொள்ளுத்தாத்தா ஜீப் அந்தப் படையில் இருந்தது என்று நம்பிவிடுவான்.

சரி, இயந்திரப் பக்கம். இங்கே மாமாவின் பேச்சைக் கேட்கவேண்டாம். பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் லைன், வயரிங், டயர் ஐந்தும் முழுமையாகச் செய்யப்படவேண்டும், அதில் சமரசமே இல்லை. இந்த ஜீப்பின் பிரேக் நான்கு டிரம்முக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே லைன். ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, பின்சக்கரங்களைச் சுழற்றப் பின்பக்கம் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் டிரம்மைப் பிடிக்கிறது. நின்ற வண்டியைப் பிடித்து வைக்க அது போதும், ஓடும் வண்டியை நிறுத்த நம்பமுடியாது. அதனால் ரப்பர் பாகம், குழாய், சிலிண்டர் கப் எல்லாம் புதிது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மீட்டர் கண்ணாடிகளையும் நீங்களே திறக்கவேண்டாம். சில பழைய ராணுவ மீட்டர்களில் இருட்டில் ஒளிர, கதிர்வீச்சுள்ள ரேடியம் பூசியிருப்பார்கள்.

டயர் மாற்றும்போது ஒன்று சொல்லவேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. ராணுவ ஜீப்பில் இரண்டு துண்டாகச் செய்து சுற்றிலும் நட்டு போட்டு இணைத்த ரிம் இருக்கலாம். சக்கரத்தை ஹப்பில் பிடித்திருக்கும் நட்டு வேறு, ரிம்மின் இரண்டு பாதியையும் பிடித்திருக்கும் நட்டு வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் ரிம் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். வால்வின் முள்ளைக் கழற்றிக் காற்று முழுவதும் போன பிறகுதான் தொடவேண்டும். இன்றைய டயர் கடைப் பையன்கள் இந்த ரிம்மைப் பார்த்திருக்கமாட்டார்கள், அதனால் நீங்கள் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

எஞ்சினைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, முன்னால் கைப்பிடி போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி வெற்றி. பிறகு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தம், எடுங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்குள் இருந்தால், அதைத் திறந்து புதுப்பிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. தணிந்த கம்ப்ரெஷன் எஞ்சின் அது, நம் ஊரில் விற்கும் 92 பெட்ரோலே தாராளம். மின்சாரம் முதலில் 6 வோல்ட். விளக்கு மங்கல், ஸ்டார்ட்டர் சோம்பல் என்று பலர் 12க்கு மாற்றுவார்கள். தடித்த கேபிளும் சுத்தமான எர்த்தும் இருந்தால் 6 வோல்ட்டே ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் உங்கள் தாத்தா காலத்திலேயே 12க்கு மாற்றியிருந்தால் அப்படியே விடுங்கள். அது அவர் ஓட்டிய ஜீப்.

துரு எங்கே என்பது கிட்டத்தட்ட எல்லா ஜீப்பிலும் ஒன்றே. தரைக்குக் கீழே நீளவாட்டில் பற்றவைத்த பலப்படுத்தும் பட்டைகள், அவற்றுக்குள் மரச்சட்டம் வைத்திருப்பார்கள். மரம் ஈரத்தைக் குடித்து, உள்ளிருந்தே தகட்டைத் தின்றுவிடும். டிரைவர் சீட்டுக்கு அடியில் டேங்க் உட்காரும் பள்ளம், பின்மூலைகளின் டூல்பாக்ஸ், இரண்டும் அப்படித்தான். நம் பக்கத்து ஈரப்பதத்தில் குளுவாங்கானாலும் ஈசூனானாலும் இது தப்பாது. என் வழி, செத்த தகட்டை மட்டும் வெட்டி அந்த அளவுக்குப் புதுத்தகடு பற்றவைப்பது. வெளித்தெரியும் பக்கத் தகடு, பானெட், மட்கார்டு உயிரோடு இருந்தால், பள்ளம் கீறல் உள்பட அப்படியே விடுவது. பிலிப்பைன்ஸில் எம்.டி. ஹுவான் கம்பெனி முழுப் பாடியே புதிதாகச் செய்து விற்கிறது, நல்ல வேலை. பட்டறைக்காரர் அதைப் பரிந்துரைப்பார், அவருக்கு நேரம் மிச்சம். சேஸி மட்டும் பழையது, மற்றதெல்லாம் புதியது என்று ஆனபின் அதில் தாத்தா கைபட்ட இடம் எது என்று நீங்கள் தேடவேண்டியிருக்கும். தரையோடு பக்கங்களும் சல்லடையாகிவிட்டால் மட்டும் அந்த வழி. அப்போதும் பழைய பாடியைத் தூக்கி எறியாதீர்கள்.

பழைய பெயிண்டை அப்படியே காப்பாற்றுவதில் நான் முழு நிபுணன் அல்ல, அருங்காட்சியகங்களில் உலோகப் பாதுகாப்பு செய்பவர்களிடம் இதற்குத் தனிப் படிப்பே உண்டு. என் கையில் பலன் தந்தது இவ்வளவு: உதிரும் துருவைத் துடைத்து, மெழுகு கலந்த எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, வருடம் ஒருமுறை மறுபடி பூசுவது. மேலே லாக்கர் (வார்னிஷ் மாதிரி நிறமில்லாத பூச்சு) அடித்த இரண்டு வண்டிகளில் இரண்டாம் மழைக்காலத்திலேயே அடியில் ஈரம் புகுந்து செதில்செதிலாக உரிந்தது. அதனால் லாக்கரை நான் சொல்லமாட்டேன். இந்த முறை கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்குத்தான். திறந்த கார்பேட்டையில் வெயிலிலும் மழையிலும் நிற்கப்போகிறது என்றால் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். அப்போது ஒரு பக்கத்திலாவது, டேஷ்போர்டுக்குப் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ, பழைய அடுக்குகளை ஓர் அடிச் சதுரமாவது தொடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.

இனி சிங்கப்பூர் சங்கதி. இதை முதலில் சொல்லியிருக்கவேண்டுமோ என்னவோ. மூன்று வயதைத் தாண்டிய பழைய காரைச் சாதாரணமாக இங்கே இறக்குமதி செய்ய முடியாது. 35 வயதைக் கடந்த வாகனங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் திட்டம் இருக்கிறது, அதில் வருடத்துக்குக் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் ஓட்டலாம். போர்க்கால ஜீப் எல்லாமே இடப்பக்க ஸ்டீயரிங். அது, எஞ்சின் மாற்றம், 12 வோல்ட் எல்லாவற்றையும் குறிப்பிட்டு ஆணையத்துக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் வேலைக்குப் பணம் கொடுக்கவேண்டும். விதிகள் மாறும், நான் வேலையில் இருந்த காலத்து ஞாபகத்தை நம்பாதீர்கள். அதற்கும் முன்னால், தாத்தா பெயரில் ஜே.பி.ஜே. (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) கொடுத்த கிரான் (வண்டியின் உரிமைப் பத்திரம்) இருக்கிறதா, அதிலுள்ள சேஸி எண் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எல்லையைத் தாண்டும் பேச்சே இல்லை.

இடமும் யோசிக்கவேண்டிய விஷயம். ஜீப்பை முழுவதும் பிரித்தால் அது மூன்று கார் நிறுத்தும் இடத்தை அடைக்கும், அடுக்குமாடி கார்நிறுத்தத்தில் அதைச் செய்ய விடமாட்டார்கள். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ பட்டறைக்கு வாடகை கட்டி இரண்டு மூன்று வருடம் இழுத்து, கடைசியில் பெட்டி பெட்டியாக விற்றுவிட்ட வண்டிகளை எனக்குத் தெரியும். உங்கள் விஷயத்தில் என் யோசனை, வேலை குளுவாங்கிலேயே நடக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பகுதி, பிரித்து, செய்து, மாட்டிவிட்டு அடுத்தது. முதல் வருடம் பிரேக்கும் ஸ்டீயரிங்கும், பிறகு தரை. எந்த நிறம் என்பதைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். மாமாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா எந்த இடத்தில் கம்பி கட்டி ஒட்டுப்போட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவர் சொல்லச்சொல்ல ஃபோனில் பதிவு செய்யுங்கள்.

நீங்கள் போட்ட இரண்டு படத்தை வைத்து அது எந்த வகை என்று என்னால் சொல்லமுடியவில்லை. கிரில் முன்னால் பலகை சாய்த்திருக்கிறது. அடுத்த முறை போகும்போது டார்ச்சும் ஒரு சின்னக் காந்தமும் எடுத்துப்போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பிய பட்டிப் பூச்சுதான் இருக்கும். கிரில், முன் குறுக்குச் சட்டம், இடது சட்டத்தின் எண், எஞ்சினின் வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள எண், டிரைவர் சீட்டுக்கு அடி, தரையின் கீழ்ப்பக்கம், இந்த ஆறு இடத்தையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். அதுவரை யாரும் வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவையுங்கள்.